வரிவிலக்கும் அப்பாவின் காலும்

எங்கள் வீட்டில் அழைப்பு மணி அடித்தால் அப்பாதான் போய்த் திறப்பார். நான் வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் சரி, அவர் பின்னால் துணி காயப்போட்டுக் கொண்டிருந்தாலும் சரி, "இரு, நான் பாக்கறேன்" என்று குரல் வரும். அதற்குப் பின்னால் ஷூ சத்தம் வரும். ஒரு காலின் சத்தம் ஒரு மாதிரியும் இன்னொரு காலின் சத்தம் வேறு மாதிரியும் இருக்கும். சிலிண்டர் போடுகிறவர், கூரியர்காரர், விலாசம் தெரியாமல் வந்து நிற்கிறவர் எல்லோருக்கும் ஒரே மரியாதைதான். கதவைத் திறந்து, நெஞ்சை நிமிர்த்தி நின்று, "போலோ பாய்", சொல்லுங்க தம்பி, என்பார். போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் நடந்தது.

அப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். வடக்கே எல்லையில் கண்ணிவெடி. இதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அவராகச் சொன்னதில்லை, அம்மாவும் என்னைக் கேட்க விட்டதில்லை. சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். கடைசியாகப் பணியில் இருந்தது செகந்திராபாத்தில் என்பதால் இங்கேயே தங்கிவிட்டார். சைனிக்புரியைத் தாண்டி உள்ளே தள்ளி ஒரு சின்ன மனை வாங்கி, கீழே வீடும் மாடியில் ஒற்றை அறையுமாகக் கட்டினார். பிறகு ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை. நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கம்பெனி பஸ். அதில் யாராவது எழுந்து இடம் கொடுத்துவிட்டால் அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

செயற்கைக் கால் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. வெறும் கால்தான். "கால் போட்டாச்சா?" என்று அம்மா கேட்டால், டிபன் எடுத்து வைக்கட்டுமா என்று அர்த்தம். காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காலைப் போட்டு, பேண்ட் போட்டு, இரண்டு ஷூவையும் பாலிஷ் பண்ணி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். நடக்காத காலின் ஷூவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பாலிஷ் விழும். அந்த அறைக்குள் அந்த நேரத்தில் அம்மா மட்டும்தான் போவாள். அம்மா இறந்த பிறகு யாரும் போவதில்லை. போன வருஷம் வரை கால் இல்லாமல் அப்பாவை நான் பார்த்ததே கிடையாது. காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் போர்வைக்குள்ளே ஷூ முனை தூக்கிக்கொண்டு நிற்கும்.

இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு மாதாப்பூரில் வேலை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்கிறவர்கள் என்னோடு அரை மணி நேரம் இருந்தால் போதும், அப்புறம் கேட்க மாட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எதையாவது எடுத்துக்கொண்டால் விடமாட்டேன். காய்கறிக்காரரிலிருந்து என் மேலதிகாரி வரை எல்லோருக்கும் இது தெரியும். ஒரு விஷயத்தில் நான் முடிவுக்கு வந்துவிட்டால், எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் அவர் சார்பிலும் நானே பேசி முடித்துவிடுவேன்.

பணியில் ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தினருக்கு, அவர்கள் தாங்களே குடியிருக்கிற சொந்த வீட்டுக்கு, சொத்துவரியில் விலக்கு உண்டு. எங்கள் தெருவில் இரண்டு மூன்று வீடுகளுக்குக் கிடைத்திருந்தது. எங்களுக்கு மட்டும் இல்லை, ஏனென்றால் அப்பா கேட்கவேயில்லை. "குடுத்தா வாங்கிக்கலாம். போய் நின்னு கேக்கணுமா?" என்பார். வரி கட்ட முடியாத நிலைமை எங்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் என்மேல் இரக்கப்பட்டுவிடுவார்கள். எனக்கு வேண்டியிருந்தது பணம் இல்லை. நாட்டுக்காகக் காலைக் கொடுத்த மனிதருக்கு இவ்வளவுகூடச் செய்ய மாட்டார்களா என்று எனக்குள் ஒரு வீம்பு. அந்த மனிதருக்கு அது வேண்டுமா என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

விண்ணப்பம் போட்டேன். மாநகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தார். நடுத்தர வயது, கொஞ்சம் பருமன், பேச்சில் பாதி தெலுங்கு பாதி ஹைதராபாத் இந்தி. அப்பா வழக்கம்போல அவரே போய்க் கதவைத் திறந்தார். வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினார். அதோடு விட்டாரா? மாடி அறையையும் காட்டுகிறேன் என்று அந்தக் குறுகலான படியில் முன்னால் ஏறிப் போனார். அதிகாரி பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். மேலே போய்ச் சேர்ந்த அப்பா, "ஆராம் சே சார், ஆராம் சே", மெதுவாக வாங்க, என்று தைரியம் சொன்னார். எனக்குக் கீழே நின்று பார்க்கச் சிரிப்புதான் வந்தது. சில மாதம் கழித்துப் பார்த்தால், விலக்கு எதுவும் இல்லாமல் பழையபடியே வரி வந்து நின்றது.

என் அலுவலகத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் உண்டு. பொங்கலுக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனவர். அவரிடம் புலம்பினேன். "ஏங்க, உங்கப்பா நடக்கறதப் பாத்தா எவன் நம்புவான்? என்னைவிட நல்லா நடக்கறாருங்க" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. படியேறியதுதான் காரணம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அதிகாரியிடம் போய் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நான் எதற்கு விசாரிக்கப் போகிறேன்?

மறுபடியும் விண்ணப்பித்தேன். அதிகாரி வருகிற நாளன்று காலையில், அப்பா கால் போடுவதற்கு முன்பே அறைக் கதவைத் தட்டினேன்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் கால் வேணாம்ப்பா."



"இன்னாம்மா?"

"கார்ப்பரேஷன்லேருந்து வர்றாங்க. நீ நல்லா நடந்தா அவங்க எப்படி நம்புவாங்க? அவங்க வந்துட்டுப் போறவரைக்கும்தான்."

"கால் இல்லாம கதவ எப்டி தொறக்கறது?"

"நான் தொறக்கறேன்."

"பேப்பர்லதான் எல்லாம் எழுதிகீதே. அதப் பாக்க மாட்டாங்களா?"

"போன தடவ பேப்பர் இல்லாமலா போச்சு? உனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா. கம்முனு நான் சொல்றதைக் கேளு."

"ஆர்டரா?" என்றார். குரலில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

"ஆர்டர்தான்" என்றேன் நானும் சிரித்துக்கொண்டே.

"ஹவ்" என்றார். சரி என்பதற்கு இந்த ஊரில் கற்றுக்கொண்ட வார்த்தை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வா என்றார். அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். லுங்கி கட்டியிருந்தார். பேண்ட் இல்லாமல் அவர் இவ்வளவு ஒல்லி என்று எனக்குத் தெரியாது. கால் சுவரில் சாய்ந்து நின்றது, சாக்ஸும் ஷூவும் போட்டபடி, பாலிஷ் முடிந்து. அவர் அதற்குள்ளேயே எழுந்து ஷூ வேலையை முடித்துவிட்டிருக்கிறார்.

"எடுத்துகினு போ. கண்ல படாத எடத்துல வை" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

நான் எடுத்துக்கொண்டு போய் என் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்தேன். நினைத்ததைவிட கனமாக இருந்தது. இதைத் தூக்கிக்கொண்டா இந்த மனிதர் கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே போனார் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டு, ஹாலில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். அவர் சுவரைப் பிடித்துத் தத்தித் தத்தி வந்தார். தோளைக் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டார். உட்கார்ந்ததும் ஒரு துண்டை எடுத்து மடியில் விரித்துக் கீழே தொங்கவிட்டுக்கொண்டார்.

"துண்டை எடுத்துடுப்பா" என்றேன். "அது இருந்தா தெரியாது."

அவர் துண்டை எடுத்து, நாலாக மடித்து, பக்கத்தில் வைத்தார். இதைச் சொன்ன வாயை என்ன செய்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

மணி அடித்தது. நான் போய்த் திறந்தேன். அதே அதிகாரி. அவர் ஹாலுக்குள் காலை வைத்ததும் அப்பா எழுந்தார். யார் வந்தாலும் எழுந்து நிற்பது அவர் பழக்கம், வாழ்நாள் பழக்கம். கால் இல்லை என்பதை உடம்பு மறந்துவிட்டது. இடது பக்கமாகச் சரிந்தார். நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. ஆனால் நாற்காலி தரையில் இழுபட்டு ஒரு சத்தம் வந்தது. "நக்கோ உட்டோ சாப், நக்கோ!" என்று அதிகாரி ஓடிவந்து, எழுந்திருக்க வேண்டாம் என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அப்பா ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோய் சல்யூட் மாதிரி ஏதோ செய்து சமாளித்தார். அவர் முகம் சிவந்திருந்தது. நான் பார்க்காதது மாதிரி சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

அதிகாரி காலை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. சமையலறையை எட்டிப் பார்த்தார். கட்டில்களைப் பார்த்தார். மாடிக்குப் போய் அறையைத் திறக்கச் சொல்லி, காலியாக இருக்கிறதா என்று பார்த்தார். கிளம்பும்போது நான் கேட் வரைக்கும் போனேன். அங்கே நின்று கேட்டைக் கைகாட்டினார்.

"ஆ போர்டு தீசேயண்டி மேடம். தானிகே ஆகிந்தி."

அந்தப் போர்டை எடுத்துவிடுங்கள், அதற்காகத்தான் போன தடவை விலக்கு நின்றுபோனது என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கேட் கம்பியில் 'டு லெட்' பலகை தொங்கிக்கொண்டிருந்தது. மாடி அறையில் முன்பு ஒரு பையன் வாடகைக்கு இருந்தான். அவன் காலி பண்ணியதும் நான்தான் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். யாரும் வரவில்லை, அப்புறம் ஆள் வைக்க வேண்டாம் என்று நினைத்து, பலகையை அப்படியே மறந்துபோனேன். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு அது தொங்கும், கண்ணுக்கே தெரியாது. உரிமையாளர் தானே குடியிருக்கும் வீட்டுக்குத்தான் விலக்கு. வாடகைக்கு என்று கேட்டிலேயே எழுதிப் போட்டிருந்தால் எப்படிக் கொடுப்பது என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

"காலு?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. அது ராணுவமே எழுதிக் கொடுத்திருக்கிறதே, அதை நாங்கள் எதற்குப் பார்க்கப் போகிறோம் என்றார். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பலகையைக் கழற்றினேன். துருப்பிடித்த கம்பி விரலில் குத்தி ரத்தம் வந்தது. உள்ளே வந்தால் அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். மடித்த துண்டு பக்கத்தில் அப்படியே இருந்தது.

"இன்னா சொன்னாரு?"

"ஆயிடும்ப்பா இந்தத் தடவ."

"கால பாத்தாரா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். போர்டைப் பற்றிச் சொன்னால், துண்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். நாற்காலி இழுபட்ட சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

"ம். பாத்தாரு" என்றேன்.

விலக்கு வந்தது. அப்பா அதைத் தன் காலுக்குக் கிடைத்ததாகவே எடுத்துக்கொண்டார். காலையில் மைதானத்தில் தன்னோடு நடக்கிற நண்பர்களிடம், "இத்தினி வருஷம் போட்ட காலுக்கு ஒண்ணும் கெடைக்கல. ஒரு நாளு கழட்டி வச்சேன், வரியே பூட்ச்சு" என்று சொல்லிச் சிரிப்பாராம். அவர்களில் ஒருவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பில் எனக்கு இவ்வளவு பழக்கம் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் ஒன்று கவனித்தேன். மணி அடித்தால் அப்பா எழுந்து போனார், ஆனால் உடனே போகவில்லை. நின்று, "யாரு, கார்ப்பரேஷனா?" என்று என்னைக் கேட்டார். முதலில் கிண்டல் என்று நினைத்தேன். கிண்டல் இல்லை. வந்திருப்பவர் யார் என்று தெரியாமல் காலோடு போய் நிற்கப் பயந்தார். நன்றாக நடப்பதை யாராவது பார்த்துவிட்டால் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்தார். அதை வாங்கிக் கொடுத்தவள் என்ற என் பெருமை போய்விடுமே என்றும் இருந்திருக்கலாம். மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டார். தொட்டி நிறைந்ததா என்று நான்தான் போய்ப் பார்த்து வருகிறேன். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவர் நல்ல மனநிலையில் இருப்பார். அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிடுவேன். மனநிலை சரியில்லாத நாளில், இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிடுவேன்.

இந்த வருஷம், உரிமையாளர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று பார்த்துப் போக ஆள் வருவார்கள் என்று தகவல் வந்தது. அப்பாவிடம் சொன்னேன். "ஹவ்" என்றார். அதற்குமேல் நானும் பேசவில்லை. அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாக அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். காலையில் எழுந்து ஹாலுக்கு வந்தேன்.

அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, மீசையை ஒழுங்கு பண்ணி, வெளுத்த சட்டை, லுங்கி. கால் இல்லை. மடியில் துண்டும் இல்லை.

"நீ மறந்துடுவன்னு நானே கழட்டிட்டேன்" என்றார். "ஒன் பீரோலதான் வச்சிகிறேன். போன தபா வச்ச எடம்."

அதை எடுத்துக்கொண்டு அவர் எப்படி என் அறைவரை போய்த் திரும்பினார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்போது சொல்லியிருக்கலாம். அதிகாரி வர இன்னும் நேரம் இருந்தது. நான் போய்க் காபி கலந்தேன். கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு ஒரு நாள்தானே, அதிகாரி வருவார், போவார், அப்புறம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன்.

அதே அதிகாரிதான் வந்தார். இந்தத் தடவை அப்பா எழவில்லை. கைப்பிடியை முன்கூட்டியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினார். அதிகாரிக்கு அவரைப் பார்த்ததில் உண்மையாகவே சந்தோஷம். முதல் தடவை மாடிப்படியில் தன்னை மூச்சு வாங்க வைத்ததைச் சொல்லிச் சிரித்தார். பிறகு காலைக் கவனித்தார்.

"பாவ் கைக்கு நிகாலே சாப்?" காலை ஏன் கழற்றினீர்கள், ஏதாவது புண்ணா என்று கவலையோடு கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் அவரிடம் இந்தியில், நீங்கள் பார்க்க வேண்டுமே, அதற்காகத்தான் என்றார்.

அதிகாரி கையை விரித்தார். காலைப் பார்க்க யார் வருகிறார்கள், நீங்கள் இங்கே இருக்கிறீர்களா என்று பார்க்கத்தானே வருகிறோம் என்றார். முதல் தடவை அந்தப் போர்டு தொங்கியதால்தான் நின்றது, மேடத்திடம் கேட்டிலேயே சொன்னேனே என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த தடவை படியேறிக் காட்ட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கேட் சாத்துகிற சத்தம் கேட்கும்வரை அப்பா காத்திருந்தார்.

"போர்டுக்காகத்தான் நின்னுதா?"

"ஆமாம்ப்பா."

"ஒங்கிட்ட அன்னிக்கே சொன்னாரா?"

"ஆமா."

அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அது எனக்கு வரும். அவர் வெறுமனே தரையைப் பார்த்துக்கொண்டு, எதையோ சரிபார்த்துக்கொள்கிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"காலையில காபி குடுத்தியேம்மா. எதுருலதான ஒக்காந்துகினு இருந்த. அப்பகூட சொல்லலியே."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். நான் பீரோவிலிருந்து காலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"கதவ சாத்திட்டுப் போ" என்றார்.

சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே பட்டைகளை இறுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு ஷூ சத்தம், ஒன்று ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி. கட்டிலிலிருந்து ஜன்னல்வரை போய்த் திரும்பியது. அந்த நேரத்தில் வாசல் மணி அடித்தது. யாரோ கூரியர். நான் அசையாமல் நின்றேன். இரு, நான் பாக்கறேன் என்று குரல் வருமா என்று காத்திருந்தேன். ஷூ சத்தம் கதவுக்குப் பக்கம்வரை வந்து நின்றது.

"நீயே போய்ப் பாரும்மா" என்றார் அப்பா.